கடலிலிருந்து மக்கா வாசல் வரை: பழைய ஜித்தாவில் ஒரு நாள்

ஜித்தாவை நம்மவர்களில் பெரும்பாலோர் ஒரு விமான நிலையமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ வந்து இறங்கியதும் பேருந்து காத்திருக்கும். ஏறினால் மக்கா. ஊர் திரும்பும்போதும் அதே விமான நிலையம்தான். குழுவை அழைத்து வருபவர் மனது வைத்தால் ஒரு மாலைப் பொழுது கிடைக்கும். கடற்கரைச் சாலை, தண்ணீருக்குள் தூண்கள் நட்டுக் கட்டிய ரஹ்மா பள்ளிவாசல், ஃபஹத் மன்னர் நீரூற்று, கடைசியாக ஒரு பெரிய வணிக வளாகம். இவை அழகானவைதாம். ஆனால் அந்தப் பள்ளிவாசலும் நீரூற்றும் 1985இல் வந்தவை. கி.பி. 647இல் கலீஃபா உஸ்மான் அவர்கள் மக்காவின் துறைமுகமாகத் தேர்ந்தெடுத்த நாள் முதல் யாத்திரிகர்களை வரவேற்று அனுப்பிவரும் பழைய நகரம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அதை ‘பலத்’ என்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம் அது.

கடந்த ஜனவரியில் உம்ரா முடித்த கையோடு என் கணவர், மாமியார், நான் மூவரும் பலத்தைப் பார்ப்பதற்கென்றே ஜித்தாவில் தங்கினோம். உம்ரா விசாவிலேயே சவூதியின் மற்ற நகரங்களுக்கும் போகலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. ஆனாலும் இந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர்தான். அவருடைய நன்னா, அதாவது தாய்வழிப் பாட்டனார், கீழக்கரையிலிருந்து ரயிலில் பம்பாய்க்குப் போய், அங்கே கப்பலேறி இந்தக் கரையில் வந்து இறங்கியவர்.

பலத்தை வழிகாட்டி இல்லாமலும் சுற்றலாம், நுழையக் கட்டணமில்லை. இருந்தும் வழிகாட்டிக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இங்கே வீட்டின் முகப்பு எல்லோருக்கும் தெரிகிறது; அதன் கதவு எப்போது திறக்கும், யாரைக் கேட்டால் திறக்கும் என்பது அங்கேயே பழகியவருக்குத்தான் தெரியும். சீரமைப்பு வேலை ஓயாமல் நடப்பதால், சென்ற மாதம் திறந்திருந்த சந்து இந்த மாதம் தகரத் தட்டியால் அடைபட்டிருக்கும். இணையத்தில் கிடைக்கும் வரைபடம் அதைக் காட்டாது.

வழிகாட்டியை அமர்த்தும்போது நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். முதலில், சுற்றுலா வழிகாட்டிக்கான அரசு உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். அட்டையின் படத்தைத் தயங்காமல் அனுப்பினார். அடுத்து, எந்தெந்த வீடுகளுக்குள் போக முடியும் என்று கேட்டேன். ‘எல்லாம் பார்க்கலாம்’ என்று சொல்பவரைவிட, ‘இது திறந்திருக்கிறது, அது மூடியிருக்கிறது, இன்னொன்றை முந்தைய நாள் விசாரித்துச் சொல்கிறேன்’ என்பவரை நம்பலாம். கட்டணத்தில் நுழைவுச்சீட்டும் வாகனமும் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். மாமியின் முழங்காலைப் பற்றியும் முன்னாலேயே சொல்லிவைத்தேன். எங்களுக்கு அமைந்தவர் ஜித்தாவிலேயே பிறந்த இளம்பெண். அவருடைய பாட்டி பழைய நகரின் யமன் பகுதியில் வாழ்ந்தவர். ஆங்கிலத்தில் பேசினார், மாமியிடம் மட்டும் கொஞ்சம் உருது கலந்து பேசினார். மாமியை முதல் வார்த்தையிலேயே ‘காலா’, அதாவது சின்னம்மா, என்று அழைத்துவிட்டார். மாமி அவரை ‘மகளே’ என்றார்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றையும் கேட்டோம். கடல் பக்கத்திலிருந்து தொடங்கி மக்கா வாசலில் முடியுங்கள் என்றோம். வழக்கமாக வாகனம் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் எது அழகான வீடோ அங்கே தொடங்கி, நாலைந்து முகப்புகளின் முன் படம் எடுத்து முடித்துவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது மர ஜன்னல்கள் மட்டும்தான். இந்த ஊர் ஒரு பாதையை ஒட்டி வளர்ந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர் சுங்கத்தைக் கடந்து, கடைவீதி வழியே நடந்து, ஏதோ ஒரு வீட்டில் சில நாள் தங்கி, ஒட்டகம் பேசிக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக மக்காவுக்குப் புறப்பட்ட பாதை அது. அதே திசையில் நடந்தால் ஒவ்வொரு கட்டடமும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

காலை எட்டு மணிக்கு பாப் அல்-புன்த் அருகே நின்றோம். யாத்திரிகர்கள் கரையேறிய பழைய துறைமுக வாசல் அது. அங்குள்ள கட்டடம் இப்போது செங்கடல் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருக்கிறது. கடலை நிரப்பி நிலமாக்கியதால் அலை இன்று வெகுதூரம் விலகிப் போயிருக்கிறது. ஒரு காலத்தில் கரை இங்கேதான் இருந்தது என்பதை வழிகாட்டி வரைபடத்தை விரித்துக் காட்டியபோதுதான் புரிந்துகொண்டோம். பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. வெளியே வரிசை வரிசையாகப் பவளப்பாறை. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சம்பூக் எனப்படும் பாய்மரப் படகுகளில் ஆட்களையும் மூட்டைகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். கப்பல் பக்கத்தில் வந்து அணையும் துறைமேடை 1950களின் தொடக்கத்தில்தான் கட்டப்பட்டது. “அப்படியானால் நன்னா படகில்தான் இறங்கியிருப்பார்” என்றார் மாமி. நன்னா ஊரில் அடிக்கடி சொன்ன ஒரு செய்தி அப்போது அவருக்கு நினைவுக்கு வந்தது: ஜித்தாவில் குடிக்கும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினோம் என்பாராம். சிறுமியாக இருந்தபோது அதை நம்பவில்லை என்றார்.

வழிகாட்டி அதைக் கேட்டதும் அங்கேயே நின்று இந்த ஊரின் தண்ணீர்க் கதையைச் சொன்னார். ஜித்தாவுக்கு ஆறு இல்லை, நல்ல ஊற்றும் இல்லை. எப்போதோ பெய்யும் மழையைத் தரையடித் தொட்டிகளில் சேமித்தார்கள். அதை வைத்திருந்தவர்கள் விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்போது ஆண்ட துருக்கிய உஸ்மானியர்கள் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். ஊர்மக்கள் அதைக் கிந்தாஸா என்றார்கள். 1947இல்தான் வாதி ஃபாத்திமா பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியே நன்னீர் வந்தது. ஊரைச் சுற்றியிருந்த மதிலை இடித்ததும் அதே 1947இல்தான். தண்ணீர் வந்ததும் ஊர் மதிலைத் தாண்டிப் பரவியது என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. அந்த மதிலைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் ஆளுநர் ஹுசைன் அல்-குர்தி எழுப்பினார், போர்த்துக்கீசியருக்கு அஞ்சி. 1517இல் அவர்களின் கப்பற்படை வாசல்வரை வந்து, உள்ளே நுழைய முடியாமல் திரும்பியது. நம் கடற்கரைகளில் அவர்கள் செய்தவற்றைப் படித்து வளர்ந்த எனக்கு, அவர்களைத் தடுத்து நிறுத்திய ஓர் ஊரில் நிற்பது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அங்கிருந்து அலவி கடைவீதிக்குள் நுழைந்தோம். கடலிலிருந்து கிழக்கே மக்கா வாசல்வரை நீளும் தெரு இது. காலையில் கடைகள் பெரும்பாலும் திறக்கவில்லை. சிலருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். வீடுகளைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பேன். கூட்டம் இல்லை, வெயில் ஏறவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாலும் யாரும் மோதமாட்டார்கள்.

இந்த வீடுகளின் சுவரை மாமி விரலால் தடவிப் பார்த்தார். காரை உதிர்ந்த இடத்தில் பவளப்பாறைக் கல் தெரிந்தது. பூ இதழ் போன்ற வரிகளும் சிறு துளைகளுமாக. “இது நம்மூர்க் கல்” என்றார். மன்னார் வளைகுடாக் கரையில் வளர்ந்தவருக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி வீடு கட்டினார்கள், சுண்ணாம்புக்கு எரித்தார்கள். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரிலும் இந்தக் கல்தான் இருக்கிறது. கப்பல்களைக் கரைக்கு வரவிடாமல் தடுத்த அதே பாறைதான் ஜித்தாவுக்கு நான்கைந்து மாடி வீடுகளைக் கொடுத்திருக்கிறது.

பவளக்கல் இலேசானது, நுண்துளைகள் நிறைந்தது, பளு தாங்குவதில் கொஞ்சம் பலவீனமானது. அதனால் சுவர் எழும்ப எழும்ப, குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு முறை மரக்கட்டைகளைப் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேல்மாடியின் எடை ஓரிடத்தில் குவியாமல் அந்தக் கட்டைகள் பரப்பிவிடுகின்றன. வெளியே சுண்ணாம்புப் பூச்சு. கடற்கரையின் ஈரத்தைக் கல் உறிஞ்சும், சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். சென்ற நூற்றாண்டில் பழுதுபார்க்க வந்தவர்கள் சில வீடுகளுக்குச் சிமெண்டு பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல் உளுத்துப் போனது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணத்தோடு ஊரில் இருப்பவர்கள் இந்தச் செய்தியைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடானாலும் கடற்கரை வீடானாலும், சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் சரிசெய்ய வேண்டும்.

சுவரிலிருந்து தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் மரக்கூடுகளை ரோஷன் என்கிறார்கள். பச்சை, நீலம், பழுப்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்த தேக்கு இவற்றில் இருக்கிறது. அழகுக்காக வைத்தது என்றே நான் எண்ணியிருந்தேன். ஒரு வீட்டின் உள்ளே போய் ரோஷனுக்குள் உட்கார்ந்த பிறகுதான் அதன் வேலை தெரிந்தது. மூன்று பக்கமும் சட்டங்கள் இருப்பதால் கடற்காற்று எந்தப் பக்கம் வீசினாலும் உள்ளே வருகிறது. வெயில் நேராக அறைக்குள் விழுவதில்லை. உள்ளே இருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து அவர்களைப் பார்க்க முடியாது. மண்கூஜாவில் தண்ணீர் ஊற்றி அங்கே வைத்தால் காற்றுப் பட்டுக் குளிர்ந்துவிடும். மின்விசிறி இல்லாத காலத்தில், இந்தப் புழுக்கமான ஊரில், மனிதர்கள் எப்படித் தூங்கினார்கள் என்ற கேள்விக்கும் மேலே பதில் இருந்தது: மொட்டை மாடியில், மரத்தடுப்புகளுக்கு இடையே. 1183இல் இங்கே வந்த அந்தலூசியப் (முஸ்லிம் ஸ்பெயின்) பயணி இப்னு ஜுபைரும் இரவில் வெப்பத்துக்குத் தப்பி மக்கள் மாடியில் ஓய்வெடுப்பதை எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். வெளியே இருபது வீடுகளைப் பார்ப்பதைவிட ஒரே ஒரு வீட்டுக்குள் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கள் வழிகாட்டி அதற்கென்றே நேரம் ஒதுக்கியிருந்தார். கீழ்த்தளத்தில் விருந்தினர் அறை; ஹஜ் காலத்தில் யாத்திரிகர்கள் தங்கியதும் கணக்கு வழக்கு பார்த்ததும் அங்கேதான். மேலே ஏற ஏறக் குடும்பத்தின் தனி அறைகள். பல குடும்பங்களுக்கு யாத்திரிகர்களை வரவேற்றுத் தங்கவைத்து அனுப்புவதே தொழில். ஹஜ் மாதங்களில் வீட்டாரே மேல்மாடிக்கு ஒதுங்கிக்கொண்டு கீழே வந்தவர்களுக்கு இடம் விடுவார்களாம். நன்னா எந்த வீட்டில் தங்கினார் என்பதற்கு எங்களிடம் எந்தத் தடயமும் இல்லை. மாமி அதைத் தேடவுமில்லை. இப்படி ஒரு கூடத்தில்தான் பாயை விரித்திருப்பார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

நஸீஃப் இல்லம் எல்லோரும் போகும் இடம், போக வேண்டிய இடமும்கூட. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின, யாத்திரிகர்களும் பெருகினார்கள், ஜித்தா வணிகர்கள் கைகளில் பணம் புரண்டது. அந்தச் செழிப்பில் உமர் நஸீஃப் கட்டிய வீடு 1881இல் நிறைவடைந்தது. 106 அறைகள் என்கிறார்கள். படிக்கட்டு வழக்கமான படிக்கட்டாக இல்லாமல் அகலமாக, தாழ்வாக, சாய்தளம் போல ஏறுகிறது. சுமை ஏற்றிய ஒட்டகம் மேல்மாடிச் சமையலறைவரை போகும்படி அமைத்தது என்று சொல்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம்; மற்ற வீடுகளில் செங்குத்தான படிகளைக் கண்டு கீழேயே உட்கார்ந்துவிட்ட மாமி இங்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். 1925 டிசம்பரில், சவூதி அரசை நிறுவிய அப்துல் அஸீஸ் மன்னர் ஜித்தாவுக்குள் வந்தபோது தங்கியது இந்த வீட்டில்தான். உமரின் பேரன் முகம்மது நஸீஃப் இதைப் பெரிய நூலகமாக வளர்த்தார். அந்த நூல்கள் பின்னர் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன.

வாசலில் ஒரு வேப்பமரம். ஊர் முழுவதற்கும் ஒரே மரமாக அது நின்ற காலம் உண்டு. ‘மரம் உள்ள வீடு’ என்றுதான் இந்த வீட்டுக்கு அடையாளம் சொல்வார்களாம். குடிக்கவே தண்ணீரை விலைக்கு வாங்கிய ஊரில் ஒரு மரத்தை வளர்த்தெடுப்பது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று எண்ணிப் பாருங்கள். நம்மூரில் ஒவ்வொரு தெருமுனையிலும் நிற்கும் வேம்பு இங்கே ஒரு குடும்பத்தின் கௌரவமாக இருந்திருக்கிறது. அதன் நிழலில் நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

பதினொரு மணிக்கு மேல் பலத்தில் இருக்கக் கூடாது, ஜனவரியாக இருந்தாலும். சந்துகளில் நிழல் குறைந்துவிடும், புழுக்கம் ஏறும், அருங்காட்சியக வீடுகள் சிலவற்றில் இடைவேளை விடுவார்கள். முதியவர்களோடு வருபவர்கள் நாளைக் கட்டாயம் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று மணி நேரம், பிறகு அறைக்குத் திரும்பி உணவு, லுஹர் எனும் நண்பகல் தொழுகை, உறக்கம். அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு மீண்டும் கிளம்புங்கள். நாங்கள் அறை எடுத்தது பலத்துக்குப் பக்கத்தில் என்பதால் இது எளிதாக இருந்தது. நகரின் வடக்கே, விமான நிலையப் பக்கம் அறை எடுத்தவர்களுக்குப் போக்குவரத்திலேயே பொழுது போய்விடும். வெள்ளிக்கிழமைக் காலை வேண்டாம், ஜும்ஆ தொழுகை முடியும்வரை எல்லாம் அடைத்திருக்கும். மே முதல் செப்டம்பர்வரை பகலில் வரவே வேண்டாம் என்பேன். ரமலானில் இரவு முழுக்கத் தெருக்கள் விழித்திருக்கும், ஆனால் நெரிசலில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது கடினம்.

காலுக்கு நன்றாகப் பிடிக்கும் செருப்போ காலணியோ போட்டுக்கொள்ளுங்கள். கல் பாவிய சந்துகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், சில இடங்களில் வழுக்கும். சக்கர நாற்காலி அலவி வீதியில் உருளும், உள் சந்துகளிலும் வீடுகளிலும் உதவாது. என் கணவர் மடக்கு நாற்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அந்த நாளின் மிகப் பயனுள்ள பொருள் அதுதான். கழிப்பறைக்குப் பள்ளிவாசல்களையும் தேநீர்க் கடைகளையும் நம்பலாம். பெண்களுக்கான இடம் எங்கே இருக்கிறது என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாடகைக் காரை அழைக்கும்போது ‘பலத்’ என்று மட்டும் குறிப்பிட்டால் ஓட்டுநர் அடைபட்ட தெருவில் போய் நிற்பார். மக்கா வாசல் போன்ற பெரிய அடையாளத்தைக் கொடுங்கள்.

அஸருக்குப் பின் மஸ்லூம் பகுதிக்குப் போனோம். ஷாஃபிஈ பள்ளிவாசலின் மினாரா பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தெருவின் இரைச்சல் எதுவும் எட்டாத அமைதி. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து மக்கள் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது அந்த மார்க்கச் சட்ட வழியை, பின்பற்றுபவர்கள். செங்கடல் துறைமுகங்களிலிருந்தும் யமனிலிருந்தும் கேரளத்துக்கும் சோழமண்டலக் கரைக்கும் ஓடிய கப்பல் வழியே வந்த உறவு அது. மாமி அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதினார். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை. நல்ல வழிகாட்டிக்கு அடையாளம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இலங்கையில் இருக்கும் உறவினர்களுக்காக ஒரு செய்தியையும் குறித்துக்கொண்டேன். அருகிலுள்ள உஸ்மான் பின் அஃப்ஃபான் பள்ளிவாசலில், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் இரு பக்கமும் இருந்த கருங்காலித் தூண்களை ஆராய்ந்தவர்கள், அவை ஹிஜ்ரி முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும் அந்த மரம் இலங்கையிலிருந்து வந்தது என்றும் கண்டறிந்திருக்கிறார்கள். பழைய ஜித்தாவின் நான்கு இடங்களில் நடந்த அகழாய்வுகளில் ஏறத்தாழ 25,000 பொருள்களின் துண்டுகள் கிடைத்ததாக 2024இல் அறிவித்தபோது இதுவும் வெளிவந்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கடலிலிருந்து ஒரு மரம் இங்கே வந்து தொழுமிடத்தில் நின்றிருக்கிறது. இதை நம் பள்ளிப் பாடங்களில் சேர்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாலையில் அலவி வீதி வேறு ஊராக மாறியிருந்தது. சாம்பிராணி, மசாலா, துணி, பேரீச்சை, ஆப்பிரிக்கப் பெண்கள் தரையில் பரப்பியிருக்கும் சிறு சாமான்கள். யமனின் ஹத்ரமவுத்திலிருந்தும், புகாராவிலிருந்தும், ஜாவாவிலிருந்தும், இந்தியாவிலிருந்தும் ஹஜ்ஜுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இந்த ஊர்க்காரர்கள். உணவிலும் அது தெரிகிறது. தகட்டில் முட்டையும் இறைச்சியும் மடித்துச் சுடும் முதப்பக்கைச் சிங்கப்பூரில் நம்மவர்கள் கடையில் முர்தபாவாகச் சாப்பிட்டிருக்கிறேன். சாம்பிராணி வாங்குபவர்கள் ஒரு துண்டைக் கரியில் இட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரர் மறுப்பதில்லை. தொழுகை நேரத்தில் பழைய கடைகள் பல இன்றும் மூடப்படுகின்றன. மக்ரிப் எனும் அந்தித் தொழுகைக்குக் கால் மணி முன்பே பேரத்தை முடித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

இந்த ஊரைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. எண்ணெய் வளம் வந்த பிறகு பழைய குடும்பங்கள் புறநகர்ப் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியேறினார்கள்; பராமரிப்பு இல்லாமல் பல வீடுகள் சரிந்தன, சில எரிந்தன. 2019இல் 56 வீடுகளைத் தாங்கி நிறுத்த 5 கோடி ரியால் ஒதுக்கப்பட்டது. அன்றிலிருந்து வேலை வேகமாக நடக்கிறது. வீடுகள் காப்பாற்றப்படுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மெழுகிப் பளபளக்கும் விடுதிகளும் காபிக் கடைகளும் மட்டுமே மிஞ்சி, தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் ரொட்டி சுடுபவரும் வெளியேறிவிட்டால், சுவர்கள் மட்டும் நின்று என்ன பயன்? நம்மால் முடிந்தது சிறிய காரியம்தான். பணத்தை அந்தச் சிறு கடைகளில் செலவழியுங்கள்.

மக்கா வாசலுக்குச் சேர்ந்தபோது பாங்கு ஒலித்தது. இன்று நிற்கும் வாசல் பிற்காலத்தில் எழுப்பியது. பழையது மதிலோடு போய்விட்டது. இங்கிருந்து மக்காவுக்கு ஒட்டகத்தில் இரண்டு இரவுப் பயணம், நடுவே பஹ்ராவில் தங்கல். 2018 முதல் ஹரமைன் விரைவு ரயில் ஓடுகிறது; ஜித்தா நகரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாங்களும் அந்த ரயிலில்தான் வந்திருந்தோம். இந்தத் திசையில் நடந்து வந்து நின்ற பிறகுதான் அந்தப் பயணத்தின் அருமை எனக்கு முழுதாக உறைத்தது. வழிகாட்டிக்குப் பேசிய தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம். மாமி தன் கைப்பையிலிருந்து ஊர்த் தொதல் பொட்டலத்தை எடுத்து, “உன் பாட்டிக்கு” என்று அவர் கையில் வைத்தார்.

இரவு மீன் சாப்பிட வேண்டும் என்று மாமி சொன்னார். ஜித்தாவில் மீன் உணவகங்களில் பனிக்கட்டி மேல் மீனைப் பரப்பி வைத்திருப்பார்கள். தேர்ந்தெடுத்தால் எடைபோட்டு, பொரித்தோ சுட்டோ, ஸயாதிய்யா எனும் வெங்காயம் வதக்கிய பழுப்புச் சோற்றோடு தருவார்கள். செங்கடலின் நாஜில் பெயர்பெற்ற மீன், நம் களவா இனத்தைச் சேர்ந்தது, விலையும் அதிகம். ஹரீத் என்பது நம் கிளிமீன், விலை குறைவு, சதை மென்மையாக இருக்கும். கிலோ விலையையும், சுத்தம் செய்து சமைக்கும் கூலி தனியா என்பதையும் எடைபோடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாமி விலைப்பலகையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையிலிருந்த ஒரு கிளிமீனைக் காட்டி, இதைச் சுடச் சொல்லு என்றார்.